தண்ணீர் கேட்கப் போன தை மாதம்

ஜனவரி 1

உரக்கடைக்காரர் வருஷப் பிறப்புக்கு இந்த டைரியைக் கொடுத்தார். போன வருஷம் கொடுத்த காலண்டர் சித்திரைக்குள் சுவரிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. இது தாங்கும் போலிருக்கிறது. ஆவாரம்பட்டி பாசன சங்கத் தலைவர் என்கிற முறையில் நரிமடை அணையின் நீர் நிலவரத்தை மட்டும் இதில் எழுதுவது என்று முடிவு. சொந்தக் கதை எழுத நான் ஒன்றும் பெரிய மனிதன் இல்லை.

இன்றைய நிலவரம்: ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. அணையில் பாதிக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் நிற்கிறது. கிணற்றுத் தண்ணீரை வைத்து நட்ட நெல் இன்னும் பத்துப் பதினைந்து நாளில் தண்டுக்குள் கதிர் உருவாகிப் பொதி கட்டும். கிணறுகள் சேறு கக்குகின்றன. மதகு திறந்தால் பிழைப்போம்.

ஜனவரி 3

காலையில் அணைக்குப் போனேன். தண்ணீர் முந்தாநாள் மாதிரியேதான் இருக்கிறது. தினமும் போய்ப் பார்ப்பதால் அது ஏறப்போவதில்லை என்று வேலுத்தாய் சொல்கிறாள். மனைவிமார்களுக்குப் பொறுப்பைப் பற்றி என்ன தெரியும்.

கரையின் மேற்குக் கோடியில் புதூர்க்காரர்கள் மூன்று நான்கு பேர் மீன் பொரித்து விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை டவுனிலிருந்து பைக்கில் ஆட்கள் வருகிறார்கள். நீலப் படுதா போட்ட கடையை நான் பார்ப்பதில்லை. இன்று அந்தக் கடையில் விறகு ஈரம், ஒரே புகை. கடைக்காரி இடது கையில் துணி சுற்றியிருந்தாள். எண்ணெய் தெறித்திருக்க வேண்டும். பார்க்காமல் வந்துவிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது, எண்ணெய் தெறித்த புண்ணுக்குக் கற்றாழைதான் நல்லது என்று பொதுவாகச் சொன்னேன்.

ஜனவரி 4

வேலுத்தாய் நரிமடை அம்மன் கோயிலுக்குப் போய்வந்தாள். கோயில் புதூரில் இருக்கிறது. முன்பெல்லாம் இவளுக்கு இவ்வளவு பக்தி கிடையாது. கொல்லையில் கற்றாழை இரண்டு மடல் குறைகிறது. திரும்பி வந்தபோது சேலையில் மீன் வாடை. அம்மனுக்கு இப்போது மீன் படைக்கிறார்கள் போல.



ஜனவரி 6

நெல் மத்தியான வெயிலில் சுருண்டு, சாயங்காலம் விரிகிறது. இன்னும் எத்தனை நாள் விரியும் என்று தெரியவில்லை.

ஜனவரி 7

சங்கக் கூட்டம். புதூரில் போய்த் தண்ணீர் கேட்பது என்று முடிவாயிற்று.

வெளியூர்க்காரர் யாராவது இந்த டைரியைப் பார்த்தால் சிரிப்பார்கள். அணை அரசாங்கத்துடையது, மதகு அரசாங்கத்துடையது, பின் எதற்கு ஒரு ஊர் இன்னொரு ஊரிடம் தண்ணீர் கேட்க வேண்டும்? காரணம் இருக்கிறது. இப்போது தண்ணீர் நிற்கிற இடத்தில்தான் அந்தக் காலத்து நரிமடை ஊர் இருந்தது. அணை கட்டியபோது வீடும் வயலும் உள்ளே போய்விட்டது. அந்த ஜனங்கள் மேட்டில் ஏறிப் புதூர் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். நாங்கள் கீழே இருந்தவர்கள், எங்களுக்கு வாய்க்கால் வந்தது. அவர்கள் போனதில் நாங்கள் பிழைத்தோம் என்பதை அப்போதிருந்த இரண்டு ஊர்ப் பெரியவர்களும் மறைக்கவில்லை. அதனால் ஒரு வழக்கம் வைத்தார்கள். வருஷத்தில் முதல் தடவை மதகு திறப்பதற்கு முன் ஆவாரம்பட்டியிலிருந்து ஐந்து பேர் தாம்பாளத்தோடு புதூருக்குப் போக வேண்டும். தண்ணீர் கேட்க வேண்டும். அங்கே ஒரு வீட்டில் உட்கார்ந்து கை நனைக்க வேண்டும். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, இலையை நம் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தால் அவர்கள் ‘எடுத்துக்குங்க’ என்பார்கள். அதன் பிறகுதான் மதகு. சாப்பிடாமல் எழுந்தால் தண்ணீர் இல்லை. இஞ்சினியர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், ஆனால் இரண்டு ஊரும் ஒத்து வராமல் ஷட்டரில் கை வைக்க எந்த இஞ்சினியரும் தயாராக இல்லை.

போன வருஷம் நல்ல மழை. மறுகால் பாய்ந்து தண்ணீர் தானாக வந்துவிட்டது, கேட்கிற வேலையே வரவில்லை. அந்த மட்டில் நான் தப்பித்தேன். இந்த வருஷம் போயாக வேண்டும். சங்கத் தலைவர் கட்டாயம் போக வேண்டும்.

சாயங்காலம் புதூர் நாட்டாமை காத்தமுத்துவிடமிருந்து சேதி வந்தது. தை நாலாம் தேதி வரலாம். சாப்பாடு முனியராஜ் வீட்டில்.

வேண்டுமென்றே செய்திருக்கிறான்.

ஜனவரி 8

நேற்று கோபத்தில் பேனாவை வைத்துவிட்டேன். முனியராஜ் யார் என்று எழுதவில்லை. அணையில் மீன் பிடிக்கிறவன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் என் ஒரே மகள் நாகஜோதி வீட்டை விட்டுப் போய் அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இரண்டு ஊரும் நிற்கும்போது நான் அவளைப் பார்த்து, இந்த ஜென்மத்தில் உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொன்னேன். சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். காத்தமுத்துவும் கேட்டான்.

பையன் மேல் சொல்ல ஒரு குறையும் இல்லை. குடி கிடையாது, உழைப்பாளி. நம் ஆட்கள் இல்லை, அவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் சின்னதாக இருக்கிறது. நெஞ்சுக்குள் அப்படி இல்லை.

காலையில் அணைக்கரை டீக்கடையில் காத்தமுத்துவைப் பிடித்தேன்.

“என்னய்யா, என்னை அவமானப்படுத்தணும்னே இந்த வீட்டைச் சொன்னியா?”

“அண்ணே, மொதல்ல டீயக் குடிங்க. வீடு நான் சொல்றதா? வரிசைல வர்றது. போன தடவ கருப்பையா வீடு, இந்தத் தடவ அதுக்கு அடுத்த வீடு. அவன் அப்பன் காலத்துல இருந்து அந்த வரிசைதான்.”

“ஒரு வீட்டைத் தாண்டிப் போனா என்ன, குடியா முழுகிரும்?”

“முழுகுன குடிதான்ண்ணே நாங்க” என்றான் காத்தமுத்து. கோபமாகச் சொல்லவில்லை. டீக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற மாதிரி சொன்னான். நான் டீயை ஒரு வாய் குடித்தேன்.

“எனக்குப் பதிலா எங்க செயலாளர் சந்தனக்குமார் வரட்டுமே.”

“தலைவர் கை நனைக்காம தண்ணி கொடுத்ததா சரித்திரம் இல்லண்ணே. ஒடம்புக்கு முடியலன்னு சொல்லிப் பாக்காதீக. தெனமும் கரைல நிக்கிறீக, ஊரே பாக்குது.”

ஊரே பார்க்கிறதாம். நீர் நிலவரம் பார்ப்பது குற்றமா?

ஜனவரி 11

சந்தனக்குமார் வீட்டுக்கு வந்தான். தூரத்து உறவில் அண்ணன் மகன். என் வயலுக்குக் கீழ் வயல் அவனுடையது. வந்தவன் உட்காரவில்லை, கையில் ஒரு நெற்பயிரைப் பிடுங்கி வந்திருந்தான். தண்டைப் பிரித்துக் காட்டினான். உள்ளே கதிர் உருவாகி, வெளியே வரத் தெம்பில்லாமல் நிற்கிறது.

“சித்தப்பா, நீங்க மாட்டேன்னு சொன்னா மாட்டேன்னு இப்பவே சொல்லிருங்க. நான் பயிரை மாட்டுக்கு அறுத்துப் போடுறேன். மாடாவது தின்னுட்டுப் போகட்டும்.”

“மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்?”

“சரின்னும் சொல்லலையே. ஊருக்குள்ள என்ன பேசுறாங்க தெரியுமா? தலைவர் தவசியோட வீம்புக்கு நம்ம நெல்லு காயுதுன்னு பேசுறாங்க. வருஷா வருஷம் புதூர்ல உக்காந்து சாப்பிட்ட ஆளுதான நீங்க? கருப்பையா வீட்டு மீன் குழம்பை மூணு தடவ கேட்டு வாங்கல?”

“அது தண்ணிக்குச் சாப்பிட்டது.”

“இதுவும் தண்ணிக்குத்தான சித்தப்பா?”

வேலுத்தாய் அடுப்படியில் பாத்திரத்தைக் கழுவாமல் காது கொடுத்துக்கொண்டு நின்றாள். பாத்திரச் சத்தம் நின்றால் அவள் கேட்கிறாள் என்று அர்த்தம்.

போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஊருக்காக. சொந்த விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை. உடனே அடுப்படியில் பாத்திரம் உருள ஆரம்பித்தது, வழக்கத்தை விடச் சத்தமாக.

ஜனவரி 13

வேலுத்தாய் பொங்கலுக்குக் கரும்பு இரண்டு கட்டு வாங்கினாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். எனக்கு மேல் வரிசையில் பல் இரண்டு கிடையாது.

ஜனவரி 15

பொங்கல். பானை கிழக்கே பொங்கியது. ஒரு கட்டுக் கரும்பைக் காணவில்லை, ஒரு பித்தளைப் பானையும் காணவில்லை. “எலி தூக்கிட்டுப் போயிருக்கும்” என்றேன். “பெரிய எலி” என்றாள் வேலுத்தாய். பித்தளைப் பானை அவள் சீராகக் கொண்டுவந்தது. மகளுக்கென்று எடுத்து வைத்திருந்தது.

ஜனவரி 17

முடி வெட்டிக்கொண்டேன். எப்படியும் வெட்ட வேண்டியதுதான். பெட்டியிலிருந்து பட்டுக்கரை வேட்டியை எடுத்து வெயிலில் போட்டேன். ஊர்ப் பிரதிநிதியாகப் போகிறவன் கசங்கிய வேட்டியில் போக முடியுமா?

நாளைக்கு அங்கே என்ன சமைக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. வேலுத்தாய் தானாகவே சொன்னாள். கெளுத்தி மீன் குழம்பாம், புளி கரைத்து, மாங்காய் போட்டு. ரசம், அப்பளம், பாயசம். “அவளுக்குப் பாயசம் இறுகிப்போகும். பால் நெறைய ஊத்தச் சொல்லு” என்றேன். “யார்கிட்டச் சொல்ல?” என்று கேட்டாள். “யார்கிட்டயோ” என்றேன்.

தூக்கம் வரவில்லை. உள்ளே நுழைந்ததும் எங்கே உட்காருவது, என்ன பேசுவது என்று மனசு ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் கேட்பதற்கு என்று முறையான வார்த்தை இருக்கிறது. மகளிடம் பேசுவதற்கு ஒன்றையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஜனவரி 18

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐந்து பேரும் காலையிலேயே கரை வழியாக நடந்து போனோம். தாம்பாளத்தை நான் ஏந்தியிருந்தேன். வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்புப் பழம். புதூர் எல்லையில் காத்தமுத்துவும் ஊர்க்காரர்களும் நின்றார்கள். வழக்கப்படி நான் சொன்னேன்: “நீங்க மூழ்குன எடத்துல நிக்கிற தண்ணிய, நாங்க மொளைக்கக் கேக்குறோம்.”

“கை நனைச்சுட்டுப் பேசுவோம், வாங்க” என்றான் காத்தமுத்து.

முனியராஜ் வீடு ஓட்டு வீடு. வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. வலை ஒரு பக்கம் சுருட்டி வைத்திருந்தது. அந்தப் பையன் சட்டை போட்டுக்கொண்டு, செம்பில் தண்ணீரோடு நின்றான். “வாங்க மாமா” என்றான். நான் செம்பைப் பார்த்தேன், அவனைப் பார்க்கவில்லை. ஆனால் கால் கழுவ ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டேன்.

அப்போது உள்ளேயிருந்து ஜோதி வந்து நிலைவாசலில் நின்றாள். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். இடது கைப் புண் ஆறி, தோல் மட்டும் நிறம் மாறியிருந்தது.

“காத்தமுத்து மாமா, ஒரு வார்த்தை” என்றாள். “சாப்பாடு தயாரா இருக்கு. அஞ்சு பேருக்கும் சமைச்சிருக்கேன். ஆனா இங்க வேணாம். உங்க வீட்டுல வச்சுப் போடுங்க.”

காத்தமுத்து திகைத்துவிட்டான். “என்னம்மா சொல்ற? வரிசை உன் வீட்டுக்கு வந்திருக்கு.”

“வரிசைக்குச் சமைச்சுட்டேன்ல, அது போதும். என் வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு சொன்னவரு, தண்ணிக்காக அதை மாத்திக்கிட்டு உள்ள வர வேணாம்.”

சந்தனக்குமார் முன்னால் போனான். “ஜோதி, ஊரு விஷயத்துல வீட்டு விஷயத்தைக் கலக்காத தாயி. பயிரு காயுது.”

“நான் கலக்கலண்ணே. அதுக்குத்தான் பிரிக்கிறேன்.” அதுவரை யார் யாரையோ பார்த்துப் பேசியவள் இப்போது என்னைப் பார்த்தாள். “தண்ணிக்குன்னா இந்த ஊரு சோறு வருஷா வருஷம் எறங்குச்சுல்லப்பா? பொண்ணு கட்டிக்கிட்டு வந்த பொறகுதான் எறங்காமப் போச்சா? இந்த வாசப்படிய நீங்க தாண்டுனா எனக்காகத் தாண்டணும். இல்லன்னா தாண்டவே வேணாம்.”

என் ஒரு கால் ஈரம். இன்னொரு கால் காய்ந்திருந்தது. ஊர் முன்னால் மூக்கு உடைபட்டு நின்றேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து அவள் அப்பா என்று கூப்பிட்டதுதான் காதில் நின்றது. இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

சோற்றுப் பானை, குழம்புச் சட்டி எல்லாவற்றையும் பெண்கள் தூக்கிக்கொண்டு காத்தமுத்து வீட்டுக்கு நடந்தார்கள். நாங்கள் பின்னால் போனோம். கல்யாண ஊர்வலம் மாதிரியும் இல்லை, துக்க ஊர்வலம் மாதிரியும் இல்லை.

இலை போட்டார்கள். காத்தமுத்து மனைவி பரிமாறினாள். முதல் கவளத்தை வாயில் வைத்தேன். வேலுத்தாய் கைப் பக்குவம் அப்படியே இருக்கிறது, உப்பு மட்டும் ஒரு கல் குறைவு. ஜோதி சின்ன வயதிலிருந்தே உப்பு குறைத்துத்தான் போடுவாள், நான் திட்டுவேன், அவள் ஊறுகாயை என் பக்கம் தள்ளுவாள். எனக்கு அதற்கப்புறம் என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. கண்ணை நிமிர்த்தாமல் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்தேன்.

காத்தமுத்து மனைவி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. இலையை எதிர்ப்பக்கமாக மடித்திருந்தேன். மறுசோறும் கேட்கவில்லை. சாவு வீட்டில்தான் அப்படி மடிப்பார்கள். விருந்தில் மடித்தால் இனி இந்த உறவு வேண்டாம் என்று அர்த்தம்.

“இது என்ன கருமாதிச் சாப்பாடா?” என்று பின்னால் ஒரு கிழவர் கேட்டார். காத்தமுத்துவின் முகம் செத்துவிட்டது. சந்தனக்குமார் என் தொடையைக் கிள்ளினான், கிள்ளி என்ன பிரயோஜனம். இத்தனை வருஷத்தில் ஒருவரும் செய்யாத தப்பு. ஆவாரம்பட்டி நெல் முழுவதும் அந்த இலையோடு மடங்கிக் கிடந்தது. எழுந்து மன்னிப்புக் கேட்கலாம் என்றால் மறுசோறு வாங்காமல் எழுந்ததாகிவிடும். உட்கார்ந்திருந்தால் ஊமை மாதிரி இருக்கிறது.

பெண்களோடு வந்து வாசலில் நின்ற ஜோதி உள்ளே வந்தாள். நேராக என் எதிரில் குனிந்து, இலையைப் பிரித்து விரித்தாள். கையால் ஒருமுறை நீவிவிட்டாள்.

“மறுசோறு போடாம என்ன பந்தி விசாரிக்கிறீக எல்லாரும்? தலைவரு இன்னும் முடிக்கவே இல்ல. காத்துல மடங்குன இலையப் பாத்துட்டுப் பேசிக்கிட்டு இருக்கீக” என்று ஒரு அதட்டல் போட்டாள். சோற்றை அள்ளி வைத்தாள். குழம்பு ஊற்றினாள்.

சன்னல்கூட இல்லாத அந்தக் கூடத்துக்குள் காற்று எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கிழவர் முதலில் சிரித்தார். “ஆமா, காத்து பலமாத்தான் அடிக்குது” என்றார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

மறுசோறு முழுவதையும் சாப்பிட்டேன். இலையை என் பக்கமாக மடித்தேன். கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன், மறுபடி விரிந்துவிடக் கூடாதே என்று. நிமிர்ந்தபோது அவள் போய்விட்டாள்.

“எடுத்துக்குங்க” என்றான் காத்தமுத்து.

ஜனவரி 19

மதகு திறந்தார்கள். இஞ்சினியர் வந்திருந்தார். தேங்காய் உடைத்தோம். வாய்க்காலில் முதல் தண்ணீர் குப்பையையும் சருகையும் தள்ளிக்கொண்டு போனது. சந்தனக்குமார் வாய்க்காலோடு கூடவே ஓடினான், கழுதை வயசில்.

நான் சொன்ன வார்த்தையும் காப்பாற்றப்பட்டுவிட்டது. அவள் வீட்டில் கை நனைக்கவில்லை. ஊருக்குத் தண்ணீரும் வந்துவிட்டது. எல்லாம் எனக்குச் சாதகமாகத்தான் முடிந்திருக்கிறது. சந்தோஷமாக இருக்க வேண்டும்.

ஜனவரி 22

எல்லா வயலும் நனைந்துவிட்டது. கதிர் வெளியே தலை காட்டுகிறது. சங்கத்தில் எனக்கு மாலை போடலாம் என்று யாரோ சொன்னார்களாம். வேண்டாம் என்றேன். போடுவதென்றால் புதூரில், இலையை விரித்தவளுக்குப் போட வேண்டும்.

வேலுத்தாய் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இன்று பேசினாள். “அந்தப் புள்ள அன்னைக்கு விடியங்காட்டியும் எந்திரிச்சு வாசல் தெளிச்சுக் கோலம் போட்டுச்சு. அப்பா வர்றாக, அப்பா வர்றாகன்னு அந்தத் தம்பிகிட்ட நூறு தடவ சொல்லிச்சாம். தம்பி சட்டையையும் அதுதான் தேச்சுக் கொடுத்துச்சாம்.”

“பின்ன ஏன் வாசல்ல மறிச்சா?”

“தாம்பாளத்தோட வர்றதப் பாத்ததும் மனசு விட்டுப் போச்சாம். தண்ணிக்குத்தான வர்றாகன்னு.”

நான் வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன். ஏற்கெனவே வைத்திருந்தது.

ஜனவரி 25

அணைக்குப் போனேன். நீர் நிலவரம் பார்க்க என்று எழுத வந்தேன். மதகு திறந்தாயிற்று, அளவெடுக்க இஞ்சினியர் ஆபீஸ் ஆள் இருக்கிறார். பார்க்க ஒன்றும் இல்லை. ஒன்றரை வருஷமாகப் பார்க்க ஒன்றும் இருந்ததில்லை. நான் என் மகளைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். இதை எழுத இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

கரையில் முனியராஜ் எதிரே வந்தான், தோளில் வலை. ஒதுங்கி வழி விட்டான்.

“தண்ணி ஊருக்குள்ள ஒழுங்கா வருதா மாமா?”

“வருது” என்றேன். அவனோடு நான் பேசிய முதல் வார்த்தை.

“கடைசி மடை வரைக்கும் எட்டலன்னா சொல்லுங்க. நாங்க மீன் புடிக்கிறத ரெண்டு நாள் தள்ளிக்கிறோம். கூட ரெண்டு நாள் தொறக்கச் சொல்லலாம்.”

தலையாட்டினேன். அவன் போய்விட்டான். அவன் நல்லவன் என்பது எனக்கு முன்னமே தெரியும். அதுதான் கஷ்டமாக இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் என் கோபத்துக்கு ஒரு மரியாதை கிடைத்திருக்கும்.

ஜனவரி 27

இன்று அணைக்குப் போகவில்லை. நாள் முழுக்க வீட்டில் இருந்தேன். நாள் பெரிதாக இருந்தது.

ஜனவரி 30

காலையில் வேலுத்தாய் இட்லி வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். வேண்டாம் என்றேன். உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, வெளியே போய்வருகிறேன் என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அழுதாள் என்று நினைக்கிறேன்.

வெறுங்கையோடு போனேன். வழியில் பூவோ பழமோ வாங்கலாமா என்று தோன்றியது. கையில் ஏதாவது இருந்தால் அதையே பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று பயந்து வாங்கவில்லை. கரை வழியாக நடந்தால் நீர் நிலவரம் பார்க்க வந்ததாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அதனால் ரோட்டு வழியாகச் சுற்றிப் போனேன்.

ஜோதி வாசலில் உட்கார்ந்து மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“தண்ணி பத்தலையா?” என்றாள்.

“பத்துது. கடைசி மடை வரைக்கும் எட்டிருச்சு.”

“ஊர்ல எதுவும் பிரச்சினையா?”

“இல்ல.”

“அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?”

“நல்லா இருக்கா.”

“பெறகு?”

தெருவில் இரண்டு பெண்கள் குடத்தோடு நின்றுவிட்டார்கள். ஊர்ப் பிரதிநிதியாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சங்கத் தலைவராகச் சொல்லவும் ஒன்றும் இல்லை.

“பசிக்குதும்மா” என்றேன்.

அவள் கையில் இருந்த கூடையைக் கீழே வைத்தாள். முகத்தை முந்தானையில் துடைத்தாள், கூடை கழுவிய தண்ணீர் தெறித்திருக்கலாம். நான் செருப்பைக் கழற்றினேன். வாசற்படியைத் தாண்டி உள்ளே போய்ச் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை உள்ளேயிருந்து அவசரமாக நாற்காலி கொண்டுவந்தார். வேண்டாம், இப்படியே உட்காருகிறேன் என்றேன். அவரும் நாற்காலியில் உட்காராமல் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

ஜோதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“காலைல கடைக்குப் போறதால ஒண்ணும் ஆக்கலப்பா. இனிமேத்தான் ஒல வைக்கணும். நேரமாகும்.”

“ஆகட்டும்.”

“அதுவரைக்கும் இருப்பீகளா?”

“இருக்கேன்” என்றேன்.